கணினிச் சிற்பமும் புதிய மாணாக்கரும்

கணினியின் துணைகொண்டு உருவங்களைச் சமைத்து, அவற்றை நடக்கவும் ஓடவும் செய்யும் வித்தையில் நமது இளைஞர்களுக்கு உண்டாகியிருக்கும் மோகம் சாமானியமானதன்று. சினிமாவிலும் விளையாட்டுகளிலும் விளம்பரங்களிலும் இவ்வித்தைக்கு இன்று இருக்கும் இடத்தை நோக்கின், அம்மோகத்தைக் குறை கூறுவதற்கில்லை. நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. இதனைப் புதிதாகப் பயிலத் தொடங்கும் மாணாக்கர் முதல் ஆறு மாத காலத்தை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதே அது. பயிற்சிக் கட்டணமாகப் பெற்றோர் கொடுக்கும் பொருள் பயன்படுவதும் பாழாவதும் பெரும்பாலும் அந்த ஆறு மாதங்களிலேயே நிர்ணயமாகிவிடுகின்றன என்பது நமது அபிப்பிராயம்.

எந்த மென்பொருளைக் கற்பது என்ற கேள்வி முதலிலேயே எழுகிறது. பெரிய ஸ்தாபனங்களில் நெடுங்காலமாக வழங்கி வருவது மாயா. அதனை விற்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனி 2016-ஆம் ஆண்டில் நிரந்தர உரிமங்களைப் புதிதாக விற்பதை நிறுத்திச் சந்தா முறையை மேற்கொண்டது. மாணவராயிருக்கும் வரையில் அதனை இலவசமாகப் பெறலாம். ஆனால் அதைக் கொண்டு பொருளீட்டலாகாது. படிப்பு முடிந்ததும் சலுகையும் முடிந்துவிடும். கற்ற கருவி கையைவிட்டுப் போகுமிடத்து, கற்றவன் நிலை என்ன? சாப்ட்இமேஜ் என்ற மென்பொருளின் கதையை இங்கு நினைவூட்டுதல் தகும். 1986-இல் மாண்ட்ரியால் நகரில் தோன்றிய ஸ்தாபனம் அதனை ஆக்கியது. 1993-இல் வெளிவந்த ஜுராஸிக் பார்க் படத்தின் ராட்சதப் பிராணிகள் அதன் உதவியால் அசைந்தன. பின்னர் அது ஆட்டோடெஸ்க் வசம் சென்றது. 2014-இல் இனிப் புதிய பதிப்பு வாராது என்று அறிவிக்கப்பட்டது. அதில் பல்லாண்டு பழகிய கைகள் மறுபடியும் முதற்பாடத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறானது பிளெண்டரின் வரலாறு. ஹாலந்து தேசத்தைச் சார்ந்த டான் ரூஸண்டால் என்பவர் 1994-இல் தமது படக்கூடத்தின் சொந்த உபயோகத்திற்கென எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. அதனை விற்பதற்காக ஏற்பட்ட கம்பெனி 2002-இல் மூடப்பட்டது. முதலிட்டவர்களோ, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரலை விட்டுவிடுவதாகக் கூறினர். உலகெங்கும் உள்ள உபயோகிப்போர் சிறு தொகைகளாக அனுப்பி, ஏழு வாரங்களில் அவ்வளவையும் சேர்த்துவிட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் தேதி முதல் அது பொதுச் சொத்து போலாயிற்று. யாரும் பெறலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம், அதைக் கொண்டு சம்பாதிக்கவும் செய்யலாம். ஒரு கம்பெனி மனம் மாறியதால் இது மறைந்துபோகும் என்ற அச்சம் இதில் இல்லை.

'இலவசமானது எளிய வேலைக்கே உதவும்' என்பாருக்கு லாட்வியா தேசம் விடை கூறியிருக்கிறது. அந்தச் சிறிய நாட்டின் ஜின்ட்ஸ் ஸில்பலோடிஸ், வெள்ளத்தில் அகப்பட்ட பூனையொன்றின் கதையை 'ஃப்ளோ' என்ற பெயரில் ஒரு வசனமும் இன்றிப் பிளெண்டரிலேயே படமாக்கினார். 2025 மார்ச்சு மாதம் சிறந்த அனிமேஷன் படத்திற்கான ஆஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது. இதற்கு முன் 'அவே' என்ற முழுநீளப் படத்தை அவர் ஒருவராகவே இருந்து மாயாவில் செய்து முடித்தவர். அடுத்த படத்திற்குக் கருவியை மாற்றினார், கை மாறவில்லை. பெரிய ஸ்தாபனங்களில் உத்தியோகம் நாடுவோர் ஒருநாள் மாயாவையும் பழக வேண்டியிருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதைப் பின்னர்ச் சில மாதங்களிற் பழகலாம். முதற்கருவியாக அது வேண்டுவதில்லை என்பதே நம் கட்சி.

இனிப் பயிலும் முறையைப் பார்ப்போம். பிளெண்டரைத் திறந்தவுடன் தோன்றுவன ஒரு கனசதுரம், ஒரு காமிரா, ஒரு விளக்கு ஆகிய மூன்றுமே. புள்ளி, விளிம்பு, முகம் என்னும் இம்மூன்றையும் இழுத்தும் பிரித்தும் மேசையோ கிண்ணமோ செய்வது முதற்படி. நமது மாணாக்கரில் அநேகர் இதில் நிலைப்பதில்லை. முதல் வாரத்திலேயே யாளியும் வீரனும் சமைக்க முற்பட்டு, மூன்றாம் வாரத்தில் 'இது நமக்கு வாராது' என்று கைவிடுகின்றனர். 'மூன்றே மாதத்தில் வேலை' என்று பலகை மாட்டும் பயிற்சி நிலையங்களும் இந்த அவசரத்தை வளர்க்கின்றன.

துள்ளும் பந்து ஒன்றே போதும், ஒரு மாதப் பாடத்திற்கு. முதற் சட்டத்தில் பந்தை உயரத்தில் வைத்து, பன்னிரண்டாவதில் தரையில் வைத்து, இருபத்துநான்காவதில் மீண்டும் உயர்த்தினால், இடைப்பட்ட நிலைகளைக் கணினி தானே நிரப்பித் தருகிறது. ஓட்டிப் பார்த்தால் பந்து பஞ்சு மெத்தையின் மீது இறங்குவது போல் இருக்கும். காரணம் யாது? ஒவ்வொரு நிலையை நெருங்கும்போதும் வேகத்தைத் தணிப்பது கணினியின் வழக்கம். உச்சியில் அது சரி. தரையில் முற்றும் தவறு. விழும் பொருளின் வேகம் தரையைத் தொடும் கணத்திலன்றோ மிகுதி! சம கால அளவுகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என வளர்வதைக் கலீலியோ என்றோ கண்டு சொல்லிவிட்டார். மாணாக்கர் வரைகோட்டுப் பலகையைத் திறந்து, தரையைத் தொடும் புள்ளியில் வளைவைக் கூர்முனையாக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு துள்ளலின் உயரத்தையும் அதற்காகும் காலத்தையும் குறைத்துக்கொண்டே வரவேண்டும். பந்து தரையில் மோதித் தட்டையாகும்போது பக்கங்களில் அகலவும் வேண்டும். இன்றேல் அதன் கனம் குறைந்தது போல் தோன்றும். இரும்புக் குண்டும் ரப்பர்ப் பந்தும் ஒரே உருண்டைதான். அசைவினால் மட்டுமே இரண்டையும் வேறுபடுத்திக் காட்டத் தெரிந்தவர் இக்கலையின் வாயிலுள் நுழைந்துவிட்டார்.

டிஸ்னி ஸ்தாபனத்தில் கையால் வரைந்து பழகிய பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-இல் வெளியிட்ட நூலில் இவ்விதிகளைப் பன்னிரண்டாக வகுத்தனர். கணினிக்கும் அவையே பொருந்தும் என்பதை 1987-இல் பிக்ஸாரின் ஜான் லாஸ்ஸட்டர் எடுத்துக் காட்டினார். அவற்றில் ஒன்றேனும் எந்த மென்பொருளையும் சார்ந்ததன்று.

காலக் கணக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். விநாடிக்கு 24 சட்டமாக ஒரு நிமிஷப் படத்திற்கு 1,440 சட்டங்கள். ஒரு சட்டத்தைத் தீட்டி முடிக்க வீட்டுக் கணினிக்கு இரண்டு நிமிஷம் ஆகுமெனின், இரவு பகல் ஓயாமல் 48 மணி நேரம் வேண்டும். இதை அறியாதவர் படத்தை ஒப்புவிக்கும் நாளுக்கு முன்னிரவில் கண் கலங்குவர். பத்து விநாடிப் படம் எடுத்து முடிப்பவர், பத்து நிமிஷப் படத்தைப் பாதியில் விடுபவரினும் அதிகம் கற்கிறார்.

நமது பள்ளிகளிற் கணினிக் கூடங்கள் உண்டு. பிளெண்டருக்குக் கட்டணமும் இல்லை. புதிய பதிப்புகள் ஓடாத பழைய யந்திரமாயினும் 2.79 என்ற பதிப்பு ஓடக்கூடும். அதனையும் பிளெண்டரின் வலைத்தளத்திலேயே இன்றும் பெறலாம். ஆங்கிலச் சொற்களைக் கண்டு மருளும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, பந்துப் பாடத்தையேனும் தமிழில் விளக்கிச் சொல்ல ஆசிரியர்கள் முன்வர வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகல் இதற்கு ஒதுக்கினால் போதும்.