அலைக்கு முன்னிருந்த அமைதி

திருகோணமலைத் துறைமுகத்தில் கடல் நாள்தோறும் ஏறுவதும் வற்றுவதும் நாம் அறிந்ததே. அவ்வேற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவானது. கொட்டியாரக் குடாவில் தோணி கட்டுவோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வந்த கடல் வேறு. சுமாத்திராவுக்கு அருகே கடலடியிற் பூமி அதிர்ந்தபோது நமது கடிகாரங்கள் ஏறக்குறையக் காலை 7 மணியைக் காட்டின. கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலை நிலையத்துக் கருவி சில நிமிடங்களில் அவ்வதிர்ச்சியை எழுதிற்று. பேரலை நமது கீழைக்கரையை அடைய ஏறத்தாழ 2 மணி நேரம் சென்றது. அதற்கிடையில் கரையிலிருந்தோரை எச்சரிக்கை எட்டவில்லை.

அத்தகைய அலையை ஆழ்கடலிலேயே கண்டு கூறும் கருவிகள் இன்று உள்ளன. கடலடியில் அமர்த்தப்பட்ட அழுத்தமானி 15 வினாடிக்கு ஒருமுறை நீரின் உயரத்தை அளக்கிறது. மின்கலத்தால் இயங்குவதால், அளந்த யாவற்றையும் அஃது உடனுக்குடன் அனுப்புவதில்லை. கடந்த 3 மணி நேர அளவுகளைக் கொண்டு, இப்போது இருக்கவேண்டிய உயரத்தைக் கணிக்கிறது. கணித்ததற்கும் அளந்ததற்கும் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் வேறுபாடு தோன்றின், உடனே விழித்துச் செய்தி அனுப்புகிறது. இவ்விழிப்பே தூண்டல் எனப்படும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நீர் 3 சென்ரிமீற்றர் உயர்ந்த பின்னரே தூண்டல் நிகழும். அலையோ அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. தூண்டலின் பின்னர் மட்டும் எழுதுவோமாயின், கிடைப்பது தலையில்லாத உடல்.

இதற்குரிய வழி எளிது. இறங்குதுறையில் ஒருவர் கற்பலகையில் நீர்மட்டத்தை வரிவரியாக எழுதுவதாகக் கொள்வோம். பலகை நிறைந்ததும் மிகப் பழைய வரியை அழித்து அவ்விடத்திற் புதியதை எழுதுவார். கருவியின் நினைவகமும் இவ்வாறே சுழல்கிறது. அதில் 1,000 அளவுகளுக்கு இடமுண்டு என்போம். தூண்டல் நிகழ்ந்ததும் அதற்கு முந்திய 250 அளவுகளை அழியாது காத்து, பிந்திய 750 அளவுகளை எழுதி நிறுத்தலாம். முற்பகுதி, அலை தொடங்கிய வேளையையும் இயல்பான நீர்மட்டத்தையும் காட்டும். பிற்பகுதி அதன் வளர்ச்சியையும் தணிவையும் காட்டும்.

தூண்டலின் எல்லையை வகுப்பதிலும் நிதானம் வேண்டும். மிகச் சிறிதாயின் வீண் அசைவுகளுக்கெல்லாம் கருவி கூவும். மிகப் பெரிதாயின் மெய்யான அலையையும் தவறவிடும்.

அப்பேரழிவின் பின்னர் திருகோணமலையிலும் தானியங்கிக் கடல்மட்டமானி நிறுவப்பட்டது. அமைதியான நாளில் அஃது எழுதும் வரிகள் பயனற்றவை போலத் தோன்றலாம். ஆனால் அவ்வமைதியை அறியாதவனுக்கு ஆபத்தின் தொடக்கம் புலப்படாது.