மொத்தமே 100 கார்தான்.. லோகோவில் ஆமை! கோர்டன்-கீபிள் விற்பனைக்கு வந்தால் ஏன் இவ்வளவு மவுசு?

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் கார். ஆனா, அதோட லோகோவில் இருப்பதோ ஆமை! அதுதான் 1960-களில் பிரிட்டனில் தயாரான ‘கோர்டன்-கீபிள்’. உலகத்துக்கே மொத்தம் 100 கார்தான். அதில் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றாலே கிளாசிக் கார் பிரியர்கள் உஷாராகிவிடுகிறார்கள். அப்படி என்ன ஸ்பெஷல்? இவ்வளவு நல்ல காரைத் தயாரித்த கம்பெனி ஏன் மூடப்பட்டது?

ஜிடி கார்னா என்ன?

‘கிராண்ட் டூரிங்’ என்பதன் சுருக்கம்தான் ஜிடி. ரேஸ் கார் வேகமாக ஓடும், ஆனால் அதில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். சொகுசு காரில் அலுப்பு தெரியாது, ஆனால் அந்த வேகம் இருக்காது. இந்த ரெண்டையும் சேர்த்ததுதான் ஜிடி. பெட்டி படுக்கையோடு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வேகமாகவும் களைப்பில்லாமலும் போகலாம். கோர்டன்-கீபிளில் 4 பேர் உட்காரலாம். அடிக்கடி பங்க்கில் நிற்க வேண்டாம் என்பதற்காக 2 பெட்ரோல் டேங்க் வேறு!

மூன்று நாட்டுக் கூட்டணி

ஜான் கோர்டன், ஜிம் கீபிள் என்ற இருவரின் பெயர்தான் காரின் பெயர். பிரிட்டிஷ் காரில் அமெரிக்காவின் சக்திவாய்ந்த வி8 இன்ஜினைப் பொருத்தினால் எப்படி இருக்கும் என்பதுதான் இவர்களின் ஐடியா.

பாடியை டிசைன் செய்தது இத்தாலியின் பெர்டோனி நிறுவனம். அங்கே அதை வரைந்தவர் ஜியோர்ஜெட்டோ ஜுஜாரோ. அப்போது அவருக்கு வயது 21-தான். பிற்காலத்தில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரை டிசைன் செய்து, உலக கார் டிசைனையே மாற்றிய தலைமுறையின் முக்கியப் பெயர் இவர்.

1960 ஜெனீவா மோட்டார் ஷோவில் மாதிரி கார் காட்டப்பட்டது. 1964-ல் விற்பனை தொடங்கியது. செவ்ரோலே கார்வெட் காரில் வந்த 5.4 லிட்டர் வி8 இன்ஜின், 300 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது மிரட்டலான சக்தி.

ஆமை எப்படி வந்தது?

காரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே வளர்ந்த ஆமை ஒன்று மெதுவாக கேமரா முன்னால் நடந்து வந்ததாம். இவ்வளவு வேகமான காருக்கு ஆமையா என்று எல்லோருக்கும் சிரிப்பு. அதையே லோகோவாக வைத்துவிட்டார்கள்.

கம்பெனி ஏன் மூடப்பட்டது?

காரில் பிரச்சினை இல்லை. கணக்கில்தான் பிரச்சினை!

காரின் விலை 2,798 பவுண்டு. அதே காலத்து ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ன் விலை 4,000 பவுண்டுக்கு மேல். கையால் செய்த சேஸிஸ், இத்தாலி டிசைன், அமெரிக்க இன்ஜின் என எல்லாம் வைத்து அந்த விலைக்கு விற்றது கட்டுப்படியாகவில்லை. கார் விற்க விற்க கைக்காசு கரைந்தது. அந்த நேரம் பார்த்து உதிரிபாக சப்ளையிலும் சிக்கல் வந்தது. ஒரே ஒரு பாகம் வராவிட்டாலும் காரை முடித்து விற்க முடியாது. ஆனால் சம்பளமும் வாடகையும் நிற்காதே!

1965-ல் கம்பெனி திவாலானது. புது உரிமையாளர்கள் வந்தும் 1966-க்கு மேல் ஓட்ட முடியவில்லை. மிச்சமிருந்த பாகங்களை வைத்து கடைசியாக ஒரு கார் தயாரானது. அதோடு எண்ணிக்கை சரியாக 100.

90-க்கும் மேல் தப்பியது எப்படி?

60 ஆண்டுகள் கழித்தும் 90-க்கும் அதிகமான கார்கள் மிஞ்சியிருப்பதாக உரிமையாளர்கள் சங்கம் சொல்கிறது. பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால் துருப்பிடிக்காது. இன்ஜினுக்கு அமெரிக்காவில் இன்றும் பார்ட்ஸ் கிடைக்கிறது.

வாங்குபவர் என்ன பார்க்கணும்?

* சேஸிஸ்: பாடி துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருப்பது இரும்புக் குழாய்களால் ஆன சட்டம். வெளியே பளபளவென இருந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம்.
* சேஸிஸ் நம்பர்: 100 கார்தான் என்பதால் ஒவ்வொன்றின் வரலாற்றையும் சங்கத்தில் விசாரித்துச் சரிபார்க்கலாம்.
* சின்னச் சின்ன பாகங்கள்: இன்ஜின் பார்ட்ஸ் கிடைக்கும். இந்தக் காருக்கென்றே செய்த கண்ணாடி, உள் அலங்காரப் பாகங்கள் காணாமல் போயிருந்தால் செலவு எகிறும்.

அரிதான கார் என்பதால் மட்டும் விலை உச்சத்துக்குப் போய்விடாது. ஆயிரத்துக்கும் மேல் தயாரான டிபி5, ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்த புகழால் இதைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. கோர்டன்-கீபிளைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அதன் கதை தெரிந்தவர்கள்தான். அன்று 2,798 பவுண்டு என்று போட்ட விலை கம்பெனியை மூழ்கடித்தது. எண்ணிக்கை 100-ல் நின்றுபோனதற்கும், இன்று ஒவ்வொரு விற்பனையும் செய்தியாவதற்கும் அந்தத் தப்புக் கணக்குதான் காரணம்.