பட்டம் ஒருவர் கையில், வேலை இன்னொருவர் கையில்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் நிற்கும் பெருமுக்கல் மலையை ஐரோப்பியர் தங்கள் ஆவணங்களில் பெர்மாக்கோயில் என்று எழுதினார்கள். 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அந்த மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். இருபது ஆண்டு கழித்து ஹைதர் அலியின் படையும் அதை வளைத்தது. அத்தனை கொடிகள் மாறிய வட்டாரத்தில் வெள்ளைக்காரனுக்கும் ஊராருக்கும் நடுவே நின்று பேசத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அப்படி உயர்ந்தவர்தான்.

மொழி இன்றைக்கும் சோறு போடும். ஆனால் அதை விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஜெர்மன், ஏழாம் மாதம் விமானம் என்கிற தோரணையில் சுவரிலும் செல்போனிலும் விளம்பரங்கள் வருகின்றன. இவற்றில் மூன்று சரக்குகள் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கின்றன: படிப்பு, மொழிச் சான்றிதழ், வெளிநாட்டு வேலை. சட்டம் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. பட்டம் தர ஒருவருக்கு உரிமை, மொழித் தேர்வு நடத்த வேறொருவருக்கு, வேலைக்கு ஆள் அனுப்ப மூன்றாமவருக்கு. மூன்றையும் தானே தருவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன், மூன்றுக்கும் தனித்தனியாகக் காகிதம் கேட்க வேண்டும்.

முதலில் படிப்பு. பெருமுக்கல், பிரம்மதேசம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பக்கத்திலேயே புதுச்சேரி. அங்கே 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு முதுகலை இருக்கிறது. இன்னும் தூரம் போகத் துணிந்தால் ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு, ஸ்பானியம் என்று பிளஸ் டூ முடித்ததும் இளங்கலையிலேயே சேரலாம். மொழியோடு அந்நாட்டின் வரலாறும் இலக்கியமும் பண்பாடும் பாடமாக வரும். ஜேஎன்யுவில் ஆண்டுக் கல்விக் கட்டணம் நூறுகளில்தான். ஏஜென்ட் கேட்கும் லட்சங்களோடு ஒப்பிட்டால் நம்பவே முடியாது. அதற்கான சியுஇடி நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் பள்ளிகளில் பலருக்குத் தெரியாது.

திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே மொழி கற்பதும் நல்ல வழிதான். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பானால் நேரம் மோதக் கூடாது, அவ்வளவே. வெறும் மொழியைவிட, கணக்கியலோ நர்சிங்கோ மெக்கானிக்கலோ தெரிந்தவரிடம் உள்ள மொழிக்கு விலை அதிகம். அந்த விலை கிடைக்க விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய ஹூண்டாய் இருக்கிறது. ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் இருக்கின்றன.

பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம், 22ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவற்றுக்கு மட்டும்தான். 'இன்டர்நேஷனல் அகாடமி' என்று பலகை மாட்டியவர் டிப்ளமா என்று எதை அச்சடித்துக் கொடுத்தாலும் அது பட்டம் ஆகாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோத்து ஆன்லைன் பட்டம் தரும் கம்பெனிகளைப் பற்றி 2023 டிசம்பரில் தனியாக எச்சரித்தது.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுப்பதைப் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றின் கல்லூரிகளுக்கும் யுஜிசி 2018லேயே தடை செய்துவிட்டது. கட்டணத்தைத் திருப்பித் தரவும் கால அட்டவணை உண்டு. தராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத வேண்டும். 2023ஆம் ஆண்டு விதிப்படி அது 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மொழிச் சான்றிதழ் விஷயம் எளிது. பயிற்சி மையம் தரும் சான்றிதழை எந்தத் தூதரகமும் மதிக்காது. பிரெஞ்சுக்கு டெல்ஃப், டால்ஃப், ஜப்பானியத்துக்கு ஜேஎல்பிடி, ஜெர்மனுக்கு கேத்தே நிலையம் போன்றவற்றின் தேர்வுகள்தான் செல்லும். ஏ1 முதல் சி2 வரை ஐரோப்பிய மொழிகளுக்கு ஆறு படிகள். ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற நர்ஸாக வேலை பார்க்கப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். ஜப்பானின் 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு ஜேஎல்பிடி என்4 அல்லது அதற்கு இணையான அடிப்படைத் தேர்வு வேண்டும். ஏ1 முடித்ததும் வேலை என்று யாராவது சொன்னால், மீதிப் படிகளை எங்கே எப்போது ஏறுவது என்று அவரையே கேட்கலாம்.

மூன்றாவதுதான் ஆபத்து மிகுந்த இடம்.

2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங்' வேலை என்று துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜென்ட்டுகள் படித்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் கடத்துகிறார்கள் என்றது. மியாவடி பகுதியில் அடைபட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, முன்பின் தெரியாதவர்களிடம் இணையத்தில் பேசிப் பணம் பறிப்பது. ஆங்கிலமும் டைப்பிங்கும் தெரிந்திருந்ததே அவர்களுக்கு வினையானது. அந்த அக்டோபரில் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். கதை அதோடு முடியவில்லை: 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 இந்தியர்களைத் திருப்பிக் கொண்டுவந்தன. சுற்றுலா விசாவிலோ, போய் இறங்கியதும் தரும் விசாவிலோ வேலை பார்க்க முடியாது. டிக்கெட்டோடு அப்படிப்பட்ட விசா வந்தால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வேலைக்கு ஆள் அனுப்ப 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு பெற்றவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ₹30,000, அதோடு ஜிஎஸ்டி. அதற்கு மேல் 'ஃபைல் சார்ஜ்', 'எம்பசி சார்ஜ்' என்று கேட்பது விதிமீறல். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தை நடத்துகிறது. யாரோ சொன்ன ஏஜென்ட்டிடம் போகும் முன் அங்கே ஒரு முறை விசாரிப்பது நல்லது. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதை அடமானம் போல வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை.

ஓர் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டம் வேலைக்கு அனுப்புவோரைத்தான் கட்டுப்படுத்துகிறது. படிக்க அனுப்பும் ஆலோசனை மையங்கள் இதற்குள் வருவதில்லை. 2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர் பலர் நாடுகடத்தும் நோட்டீஸோடு தவித்தது, ஏஜென்ட் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலியாக இருந்ததால். சேர்க்கைக் கடிதம் வந்ததும் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு மாணவரே எழுதி உறுதி செய்வது ஐந்து நிமிட வேலை. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் 2024 செப்டம்பர் முதல் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு மாணவர் பெயரில்தான் திறக்கப்படும். 'என் கணக்கில் போடுங்க, நான் பார்த்துக்கிறேன்' என்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஏமாந்துவிட்டால் அவமானம் என்று குடும்பங்கள் மூடி மறைக்கின்றன. நாள் கடந்தால் பணத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். இணையம் வழியே பணம் போயிருந்தால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் போன பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டில் சிக்கியவருக்காக 1800 11 3090 என்ற எண்ணும் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளமும் இருக்கின்றன. பயிற்சி மையம் வாக்குத் தவறினால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை. அபராதமோ அதிகபட்சம் ₹2,000. 1983இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம், இன்று இல்லை. எனவே வெறும் குடிபெயர்வுச் சட்டத்தோடு நிற்காமல், ஏழு ஆண்டு வரை சிறை தரும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவையும் புகாரில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரோ அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன், மனைவி ஆகியோரோ புகார் கொடுத்தால் குடிபெயர்வுச் சட்ட வழக்குக்கு மத்திய அரசின் முன்அனுமதிகூடத் தேவையில்லை. காவல் நிலையத்தில் மனுவை வாங்க மறுத்தால், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பர நோட்டீஸ் ஆகியவற்றின் நகலோடு விழுப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அசலை மட்டும் யாரிடமும் கொடுக்கக் கூடாது.