முகம் பார்க்கும் கணனி

2004 டிசம்பரில் கல்முனைக் கரையில் பலருக்கு வீட்டோடு அடையாள அட்டையையும் கடல் கொண்டுபோயிற்று. இப்போது நாட்டில் தயாராகிவரும் டிஜிட்டல் அடையாளத்திற்குக் கைரேகை, கருவிழியோடு முகமும் பதியப்படவிருக்கிறது.

கணனி கண், மூக்கு, தாடை அமைப்பை எண்களாக்கிப் பழைய படத்தோடு ஒப்பிடும். மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த கைக்கு இது நல்லதுதான். இந்தியாவில் ஆதாருக்கும் முகம் பார்க்கிறார்கள்.

ஆனால், கணனி எல்லா முகத்தையும் ஒன்றுபோல் அறிவதில்லை. ஆணா பெண்ணா என்று சொல்லும் பொறிகளை 2018இல் அமெரிக்காவில் சோதித்தபோது, ஒரு பொறி கறுத்த பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 35 பேரைப் பிழையாகச் சொன்னது. வெள்ளை ஆண்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்னுமளவு சரி. அது பழகிய முகங்கள் அப்படி!

மனிதரும் பிழைவிடுவர். 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின் பொலிஸார் சந்தேகநபரென வெளியிட்ட படமொன்று, அமெரிக்காவில் படித்த முஸ்லிம் மாணவி ஒருவருடையது. பின்னர் தவறென்று அறிவித்தார்கள்.

ஆகவே வெயிலில் கறுத்த, முதுமையடைந்த, முக்காடிட்ட முகங்களையும் கணனிக்குப் பழக்குவதே இனி வேண்டிய ஆய்வு என்கிறோம். சந்தேகம் வந்தால் "தெரியாது" என்று சொல்லவும் அது பழக வேண்டும். அப்போது நிவாரணத்தை நிறுத்தாமல் கிராம உத்தியோகத்தர் நேரில் விசாரிப்பாரா? பதியப் போகும்போது இதை நாம் கேட்போம்.