அட்டாலியில் ஜப்பான் வாள் இருக்கிறதா?

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து பர்மா போர்முனைக்குப் போன அப்பாரு கொண்டுவந்த ஜப்பான் வாள், உங்கள் வீட்டு அட்டாலியிலும் கிடக்கலாம். புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் பிடியைப் பாருங்கள்.

1945-ல் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் எல்லோர் முன்னிலையிலும் வாளை ஒப்படைக்க வேண்டும் என்றார் மவுண்ட்பேட்டன். அப்படிக் கைமாறியவற்றில் பெரும்பாலானவை 1930-களின் ராணுவ மாதிரிகள். பிடி, கைக்காப்பு எங்கும் செர்ரிப் பூ. பிடியில் சுற்றிய நாடாவுக்கு அடியிலும் பூ வில்லைதான். அங்கே டிராகனோ சிங்கமோ தெரிந்தால் விஷயமே வேறு! பரம்பரை வாளையும் பழைய அணிகளையும் ராணுவ உறைக்கு மாற்றி எடுத்துவந்த அதிகாரிகள் உண்டு. பிடி முனையில் வெள்ளி முத்திரை இருந்தால், அது குடும்பச் சின்னம். நம் பக்கம் 'என்ன கூட்டம்?' என்று கேட்போமே, கிட்டத்தட்ட அதற்கான பதில். குஞ்சம் பழுப்பும் நீலமும் என்றால் கேப்டன் வரை. பழுப்பும் சிவப்பும் என்றால் மேஜர் முதல் கர்னல் வரை.

பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பில் கொல்லர் பெயர் வெட்டியிருக்கலாம். அந்தத் துருவின் நிறத்தை வைத்துத்தான் வயதையே கணிக்கிறார்கள். உப்புக்காகிதம் பட்டால் இரண்டும் போச்சு. இத்தகைய அடையாளங்களால் ஜப்பானிய வாரிசுகளின் கைக்கே திரும்பிய வாள்களும் உண்டு. அலகுக்கு மட்டும் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் போதும்.