பட்டன் இருக்கிறது, உயிர் இருக்கிறதா?

முதலில் ஒரு கணக்கு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன், காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நடப்பது ஆண்டுக்கு 210 நாள் என்றால் மொத்தம் 8,400 கிலோமீட்டர். ஒழுங்காகக் காற்றுப் பிடித்து ஓட்டினால் வேன் டயர் 40,000 கிலோமீட்டர் தாராளமாக உழைக்கும், 50,000-கூட வரும். அந்தக் கணக்கில் பட்டன், அதாவது சாலையில் படும் மேடுபள்ள வரிகள், தேய்ந்து முடிய ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகிவிடும். ஊட்டி, கொடைக்கானல், சபரிமலை என்று ஓயாமல் சவாரி போகிற டூரிஸ்ட் வேனில் அதே டயர் ஒரு வருடத்துக்குள் மொட்டையாகிவிடுகிறது. ரப்பருக்கு வயதாகும் முன்பே பட்டன் தீர்ந்துபோகிறது. கழற்றிப் போட்டே ஆக வேண்டும். ஸ்கூல் வேனில் இது தலைகீழ். பட்டன் அப்படியே இருக்க, ரப்பர் செத்துப்போகிறது.

வேன் பராமரிப்பு பற்றிப் பொதுவாக எழுதத்தான் கிளம்பினேன். ஆயில், பேட்டரி, பிரேக் என்று பட்டறை பட்டறையாக விசாரித்தபோது எங்கே போனாலும் பேச்சு டயரில் வந்து நின்றது. அதிலும் நாமக்கல் பக்கம் நெடுஞ்சாலையோரத்து டயர் கடை ஒன்றில் கேட்டதற்குப் பிறகு, இந்தக் கட்டுரைக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது.

காற்றுப் பிடிக்க வந்த ஸ்கூல் வேன் ஓட்டுநரிடம், முன்பக்கம் இரண்டு டயரையும் மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார் கடைக்காரர்.

"ஏனுங்ண்ணா, பட்டன் புதுசாட்டம் இருக்குதுங்க. இதப் போயி எதுக்குங்க மாத்தறது?"

"பட்டன் இருக்குது தம்பி, இல்லேன்னு சொல்லல. ரப்பரப் பாரு. நகத்த வெச்சு அமுத்து. எறங்குதா? பலகையாட்டம் இருக்குது."

செல்போன் விளக்கை டயரின் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். வரிவரியாக, நரம்பு ஓடினாற்போல மெல்லிய வெடிப்புகள். பக்கத்திலேயே நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள். முதல் இரண்டு எண்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த நான்கு எண் முறைதான். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டிக்கு அடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும். குனிகிறவர்கள் குறைவு.

வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்தால் பட்டென்று அறுந்துபோகிறது அல்லவா, டயருக்கும் அதே கதிதான். வெயில், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக வைக்கின்றன. இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே ஒருவகை மெழுகும் வேதிப்பொருள்களும் ரப்பரில் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு மடங்கி நிமிரும்போது அவை உள்ளிருந்து மெல்லக் கசிந்து மேற்பரப்புக்கு வந்து காவலாக நிற்கும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் அந்தக் கசிவு குறைந்துவிடுகிறது. "ஓடவே இல்லைங்க, சும்மாதான் நின்னுச்சு" என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் வண்டியின் டயரைத்தான் நாம் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடைப்பட்ட ஒன்றரை வருடத்துக்கும் மேலாக எத்தனையோ வேன்கள் மரத்தடியிலும் வெட்டவெளியிலும் ஒரே இடத்தில் நின்றன. 2019-ல் வாங்கிய டயர், வண்டியை மறுபடி எடுத்தபோது பார்வைக்குப் புதிதாகவே இருந்திருக்கும். அதை அன்றைக்கு யார் கழற்றியிருப்பார்கள்? ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. ஏப்ரல் கடைசியில் நிறுத்தப்படும் வேன், கத்திரி வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு ஜூனில் நேராகப் பிள்ளைகளை ஏற்றப் போகிறது. வாரம் ஒருமுறை வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டி நிறுத்துவதும், டயர்மீது வெயில் படாமல் ஒரு சாக்கை மாட்டுவதும் பெரிய செலவில்லை.

பட்டன் உள்ள பழைய டயர் என்ன செய்யும் என்பதற்கு மறக்க முடியாத சாட்சி பிரிட்டனில் இருக்கிறது. 2012 செப்டம்பரில், இசை விழா ஒன்றுக்குப் போய்த் திரும்பிய இளைஞர்களை ஏற்றி வந்த பேருந்தின் முன் டயர் வெடித்தது. பேருந்து மரத்தில் மோதி, ஓட்டுநரும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள். டயரை ஆராய்ந்தபோது பட்டன் ஆழம் சட்டப்படி சரியாகவே இருந்தது. டயரின் வயதோ பத்தொன்பதரை ஆண்டுகள். அந்தப் பேருந்தைவிட டயர் மூத்தது. இறந்த பயணிகளில் ஒரு பையனுக்கு வயது 18. அவனுடைய தாய் ஆண்டுக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கிப் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் அங்கே லாரி, பேருந்துகளின் முன் அச்சிலும், மினிபஸ்களில் ஒற்றையாக மாட்டப்படும் எல்லாச் சக்கரங்களிலும் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று சட்டம் வந்தது. மினிபஸ் என்று அங்கே சொல்வது ஏறக்குறைய நம் வேனைத்தான்.

அது குளிர் நாடு. பத்து வருடம் அங்கே பொருந்தலாம். வெயில் டயருக்கு என்ன செய்யும் என்பதை அமெரிக்கா பார்த்தது. 2000-ஆம் ஆண்டில் ஒரே நிறுவனத்தின் டயர்கள் ஏறத்தாழ 65 லட்சம் திரும்பப் பெறப்பட்டபோது, பட்டன் பட்டை கழன்றுபோன சம்பவங்கள் அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில்தான் குவிந்திருந்தன. மதுரையும் வேலூரும் திருச்சியும் கொதிக்கிற கொதிப்பை வைத்துப் பார்த்தால் நமக்குப் பத்து வருடம் என்பது அதிகம்.

நம்முடைய மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி டயரைப் பற்றிப் பேசுகிறது. வேன் போன்ற வண்டிகளுக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. இத்தனை வருடத்துக்கு மேல் கூடாது என்று அது சொல்வதில்லை. டயர் தயாரிப்பாளர்கள் பலர் ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுதோறும் கழற்றிச் சோதிக்கவும், பத்து வருடத்தில் எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துவிடவும் சொல்கிறார்கள். ஆறு வருடம் என்று கையேட்டில் எழுதும் வண்டித் தயாரிப்பாளர்களும் உண்டு. நாமக்கல் கடைக்காரரின் கணக்கு இன்னும் கறார்: பிள்ளைகள் ஏறும் வண்டியில் ஐந்து வருடம் தாண்டிய டயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் அவர் பக்கம்தான். தேதியைக் காட்டிப் பயமுறுத்தி டயர் விற்கிறார்கள் என்று சில வேன் உரிமையாளர்கள் சொல்கிறார்கள். மாதச் சந்தாவில் ஓட்டுகிறவருக்கு நான்கு டயர் செலவு சிறியதில்லை என்பதும் உண்மையே.

பழைய டயரைக் கொல்ல வருகிற அடுத்த எமன் காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலில் பிறக்கும் சூடு உள்ளே இருக்கும் கம்பிப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டைத் தளர்த்துகிறது. எத்தனை பி.எஸ்.ஐ. வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. ஆளில்லாத வண்டிக்கும் ஆள் நிறைந்த வண்டிக்கும் அதில் தனித்தனி அளவு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அளவு. "நாலுக்கும் முப்பத்தஞ்சு வைங்க" என்று கை காட்டிவிட்டு டீ குடிக்கப் போவதுதான் வழக்கமாக இருக்கிறது.

அளக்க வேண்டிய நேரம் காலை, வண்டி கிளம்பும் முன். ஓடி வந்த டயரை அளந்தால் கணக்குத் தப்பும். சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடிவிடும். மதியம் மூன்று மணிக்கு அளந்து, "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்று இறக்கிவிடுகிறவர், மறுநாள் காலை குறைந்த காற்றோடு பிள்ளைகளை ஏற்றுகிறார். பாக்கெட்டில் வைக்கும் காற்றுமானி ஒன்று வண்டியில் கிடந்தால் போதும். நைட்ரஜன் நல்லதா என்று கேட்கிறவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடித்து மாட்டும் பச்சை மூடிக்குக் கொடுக்கும் காசில் வாரம் தவறாமல் அளப்பதே மேல்.

தேய்மானத்தைப் பார்த்தே பாதி நோய் சொல்லிவிடலாம். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், இல்லையென்றால் முன்பக்கப் புஷ், பால் ஜாயின்ட் போயிருக்கும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றிப் போடுவது பழைய வழக்கம். ஸ்கூல் வேனுக்கு அது வருடம் ஒருமுறை, மே மாதம். கழற்றும் சாக்கில் உள்பக்கத்தையும் பார்த்துவிடலாம், மறைந்திருக்கும் தேதியையும் படித்துவிடலாம். மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை இன்னொரு முறை முடுக்க வேண்டும்.

ஸ்டெப்னியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வண்டியிலேயே வயதான டயர் பெரும்பாலும் அதுதான். வண்டி வாங்கிய நாளில் வந்தது, அடியில் சேறும் சைலன்ஸர் சூடும் பட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். நான்கு டயரை இரண்டு தடவை மாற்றியவர்கள்கூட அதைத் தொடுவதில்லை, ஏனென்றால் அதில் பட்டன் முழுசாக இருக்கிறது. அவசரத்தில் அதை எடுத்து மாட்டி, பதினைந்து பிள்ளைகளோடு அப்படியே கிளம்புகிறோம். எட்டு வயது ஸ்டெப்னியை முன்சக்கரத்தில் மாட்டுவது எனக்குக் கொலைக்குச் சமமாகப் படுகிறது. பல வேன்களில் ஓட்டுநர் இருக்கைக்குக் கிட்டத்தட்ட நேர் கீழேயே முன்சக்கரம். அது வெடித்தால் வண்டி வெடித்த பக்கமே இழுக்கும். அந்த நொடியில் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுக்க வேண்டும். அனுபவஸ்தர்களுக்கே அது கைகூடுவது அரிது.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கும் வழக்கம் இந்தப் பயத்தை இரட்டிப்பாக்குகிறது. காரிலிருந்து கழற்றியது, பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது, விலையும் பாதி. கறுப்புப் பாலிஷ் அடித்து வரிசையாக அடுக்கினால் வெடிப்பெல்லாம் மறைந்துவிடும். ஈரத்துணியால் பக்கவாட்டை அழுத்தித் துடைத்துவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, கார் டயரும் வேன் டயரும் ஒரே அளவு எண்ணில் வந்தாலும் தாங்கும் எடை வேறு. அளவுக்குப் பக்கத்தில் 74 என்று இருந்தால் அந்த டயர் 375 கிலோ தாங்கும், 80 என்றால் 450 கிலோ. நான்கு சக்கரத்துக்குக் கூட்டினால் 300 கிலோ வித்தியாசம் வருகிறது. டயர் புதியதோ பழையதோ, வாட்டர் சர்வீஸில் அடிப்பாகத்துக்கு டீசலும் பழைய ஆயிலும் பீய்ச்சுகிற இடங்களில், டயரில் படாமல் பார்க்கச் சொல்ல வேண்டும். எண்ணெய் ரப்பருக்கு ஆகாது.

வயதை வைத்து மாற்ற வேண்டியவை வண்டியில் வேறும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரைக்கும் இறங்கலாம். மலைப் பாதையில் இறங்கும்போது பிரேக் மிதி சட்டென்று பஞ்சுபோல் உள்ளே போவது இதனால்தான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கூலன்ட், பெல்ட், ரேடியேட்டர் குழாய்களுக்கும் இதே நியாயம்தான். இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் வராவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றலாம். மற்றதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று 2012-ல் தனி விதிகள் வந்தன. ஜூன் திறப்புக்கு முன் மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. அவசரகால வழி, முதலுதவிப் பெட்டி, படிக்கட்டு உயரம் என்று பார்க்கும் அந்தப் படிவத்தில் ஐந்து டயருக்கும் தேதி எழுத ஒரு கட்டம் சேர்க்கலாம். செலவே இல்லை, ஒரு டார்ச் லைட் போதும்.

அதற்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. வேன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் அரை நிமிடத்தில், பிள்ளை ஏறும் பக்கத்து டயரின் நான்கு எண்ணைப் பெற்றோரே படித்துவிடலாம். ஓட்டுநரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். "அண்ணா, முன் டயர் பதினேழுல வந்ததா இருக்கே, எப்ப மாத்தப் போறீங்க?" என்று கேட்டால் போதும். நான்கைந்து வீட்டில் கேட்டார்கள் என்றால் உரிமையாளர் காதுக்கு விஷயம் போய்விடும். பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முன்பக்கம் இரண்டு டயர் வந்துவிடும். புது டயர் மாட்டும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.