பழம் படமும் மோட்டார் வண்டியும்

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணி பாய்ந்து வளஞ்செய்யும் ஊர்களுள் ஒன்று முக்கூடல். இத்தகைய ஊர்களின் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரின் மேற்புறத்தே சட்டமிட்ட நிழற்படங்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். அவற்றுள் சிலவற்றில் மோட்டார் வண்டி ஒன்றும் இடம்பெற்றிருக்கும். மோட்டார் வண்டி அரிதாயிருந்த காலத்தில், அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வது பெருமைக்குரிய செய்தியாகும். அவ்வண்டி பெருமைக்கு மட்டும் அடையாளமன்று. படத்தின் காலத்தை ஆராய்வார்க்குச் சான்றாகவும் அது உதவும்.

அத்தகைய படம் ஒன்று ஒரு வீட்டில் உள்ளது எனக் கொள்க. வண்டியின் அருகே தலைப்பாகை அணிந்த பெரியவர் ஒருவர் நிற்கிறார். படத்தின் பின்புறத்தில் ‘1920’ என்று யாரோ எழுதியிருக்கின்றனர். 1924-இல் காலமான பூட்டனாரே அவர் என்று வீட்டார் சொல்லி வருகின்றனர். இக்கூற்று மெய்யா என்பதை எவ்வாறு அறிவது? பெரியவர் வாய் திறந்து கூறமாட்டார். ஆனால் வண்டி கூறும்.

முதலில் நோக்கத்தக்கது வண்டியின் முகப்பு. எஞ்சின் ஓடும்போது மிகுந்த வெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பத்தை ஏற்றுவரும் நீர், ரேடியேட்டர் என்னும் உறுப்பின் வழியே செல்லும்பொழுது காற்றுப்பட்டுக் குளிர்கிறது. காற்று எளிதில் படவேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான பழைய வண்டிகளில் அது முகப்பில் அமைந்தது. எல்லார் கண்ணிலும் படும் இடமாதலின், ஒவ்வொரு நிறுவனமும் அதற்குத் தனி வடிவமும் சின்னமும் அளித்தது. ரோல்ஸ் ராய்ஸ் வண்டியின் முகப்பு, கிரேக்கக் கோயிலின் தூண்களையும் கூம்பிய நெற்றியையும் ஒத்திருக்கும். செவர்லே வண்டியில் கழுத்துப்பட்டியின் முடிச்சைப் போன்ற சின்னம் காணப்படும். அச்சின்னத்தை அந்நிறுவனம் 1913 முதல் வழங்கி வருகிறது. ஃபோர்டு வண்டியில் அப்பெயரே எழுதப்பட்டிருக்கும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்க, மேற்கூறிய படத்திலுள்ள வண்டி ஃபோர்டு எனத் தெரிகிறது என்க. அவ்வளவில் ஆராய்ச்சி முடிந்துவிடாது. ஃபோர்டு நிறுவனத்தின் ‘டி’ வகை வண்டி 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் செய்யப்பட்டது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் அவ்வகையில் வெளிவந்தன. தொடக்க காலத்தில் அதன் ரேடியேட்டர் பித்தளையால் ஆகிப் பளபளத்தது. 1917-ஆம் ஆண்டு வண்டிகள் முதலாகக் கறுப்பு உறை பூண்டது. நெடுங்காலம் அதன் சக்கரங்கள் மரத்தாலான ஆரக்கால்களை உடையனவாக இருந்தன. மெல்லிய கம்பி ஆரக்கால்கள் அதன் இறுதி ஆண்டுகளிலேயே வந்தன. 1927 டிசம்பரில் ‘ஏ’ வகை வண்டி வெளியாயிற்று. அதற்கும் கம்பி ஆரக்கால்களே உரியவை.

படத்திலுள்ள வண்டியின் சக்கரங்களிலும் கம்பி ஆரக்கால்களே உள்ளன. அஃது எவ்வகையைச் சார்ந்தது? இங்கே ஒரு சிறு உறுப்பு ஐயத்தை நீக்குகிறது. ‘டி’ வகை வண்டியின் முன்சக்கரங்களில் பிரேக் கிடையாது. ‘ஏ’ வகையிலோ நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. படத்தில் முன்சக்கரத்தின் நடுவே, ஆரக்கால்களுக்குப் பின்னால், பிரேக்கின் வட்டமான இரும்பு உறை தெரிகிறது. ஆகவே அது ‘ஏ’ வகை வண்டியே. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் பல அடையாளங்களையும் ஒப்பிட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

‘ஏ’ வகை வண்டி 1920-இல் உலகில் எங்கும் இல்லை. எனவே பின்புறத்தில் எழுதிய ஆண்டு பிழை. 1924-இல் காலமானவர் அவ்வண்டியின் அருகே நின்றிருக்கவும் இயலாது. படத்தில் நிற்பவர் அவருடைய மைந்தராகவோ உடன்பிறந்தாராகவோ இருத்தல் கூடும்.

இனி, வண்டி கூறாத செய்தியும் ஒன்று உண்டு. வண்டி செய்யப்பட்ட ஆண்டுக்கு முன் படம் எடுக்கப்படவில்லை என்பது உறுதி. எத்தனை ஆண்டு கழித்து எடுக்கப்பட்டது என்பதை வண்டியின் வகை காட்டாது. நன்கு பேணிய வண்டி இருபது முப்பது ஆண்டுகள் ஓடும். இரவலாகவோ வாடகைக்கோ வந்த வண்டியின் அருகே நின்றும் படம் எடுக்கலாம். ஆதலின் பிற சான்றுகளையும் தேடல் வேண்டும்.

அத்தகைய சான்று ஒன்று திருநெல்வேலிச் சீமையோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்து, மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், மரக்கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கி வண்டிகளை ஓட்டுதற்குரிய கருவியை உருவாக்கினார். குறைந்த காற்றில் கரியை எரித்தால் எரியும் தன்மையுள்ள வாயு பிறக்கும். அவ்வாயுவே எஞ்சினை இயக்கும். இத்தகைய கரிவாயுக் கலம் பொருத்திய வண்டி ஒரு படத்தில் காணப்படுமாயின், வண்டி எவ்வளவு பழையதாயினும், அப்படம் போர்க்காலத்தையோ அதனை ஒட்டிய ஆண்டுகளையோ சார்ந்தது எனக் கருதலாம்.

பழம் படத்தின் காலத்தை அறிவதால் பயன் என்னை எனச் சிலர் வினவுவர். ஒருவருடைய உருவத்திற்கு மற்றொருவர் பெயரை இட்டுவிட்டால், உண்மையில் அங்கே நின்றவர் தம் குடும்பத்தாராலேயே மறக்கப்படுவார். சிறியதோர் இரும்பு உறை அவருக்கு அவருடைய பெயரை மீட்டுத் தர வழிகாட்டுகிறது. ஆகவே வீட்டிலுள்ள முதியோரிடம் இன்றே கேட்டு, படத்திலுள்ளார் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தாளில் எழுதிப் படத்துடன் வைத்தல் நன்று. உறுதியாக அறிந்ததையும் ஊகித்ததையும் வேறுபிரித்து எழுதுதல் அதனினும் நன்று.